தளை தட்டுகிறது

ஜனவரி 22, புதன்

தண்ணீர் வண்டி இன்றும் வரவில்லை. இருந்த தண்ணீரை வைத்து ஒப்பேற்றிவிட்டுப் பேருந்தைப் பிடித்தேன். கல்லூரிக்குள் வந்ததும் வராததுமாகத் துறைத்தலைவர் தணிகாசலம் ஐயா ஒரு கட்டுத் தாளை என் மேசைமேல் போட்டார். ஆண்டு மலருக்கு நாங்கள் வைத்த வெண்பாப் போட்டி.

"பாத்துட்டேன் மேடம். ஒண்ணும் தேறல. இந்த வருஷம் பரிசு இல்லைன்னு எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுங்க."

ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். எட்டு, வெண்பா என்று பெயர் வைத்துக்கொண்ட வாழ்த்துச் செய்திகள். ஒன்பதாவது தாளில் முதல் அடியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் 'தளை தட்டுகிறது', அதாவது சீரோடு சீர் சேருகிற இடத்தில் பிழை. குறுக்கே ஒரு கோடு. பாட்டு இதுதான்:

கண்ணில் புகையேறக் காத்திருந்தாள் என்னம்மா;
மண்ணுள் நெருப்பு மறைந்திருக்க — எண்ணாமல்
வாய்திறந்தால் சாம்பலாம்; வாய்மூடில் வெங்கரியாம்;
தாய்மூச்சே காவல் தழற்கு.

மூன்று முறை அசை பிரித்து அலகிட்டுப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை. கண்ணில், தேமா. மாவுக்குப் பின் நிரை வர வேண்டும். 'புகை', இரண்டெழுத்து சேர்ந்த நிரைதான். ஐயா 'பு'வைத் தனியாகக் கிள்ளி எடுத்து நேர் என்று வைத்திருக்கிறார். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் நடத்துகிற பாடம் இது. அதில் ஒரு முனைவர் சறுக்கியிருக்கிறார். தெரியாமல் அல்ல, படிக்காமல். பாதி அடிக்கு மேல் படிக்கத் தேவையில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அப்போதே சொல்லியிருப்பேன். அவர் போனில் இருந்தார். பிறகு எனக்கு வகுப்பு.

ஜனவரி 23, வியாழன்

கோபம் வந்தால் எனக்கு எதையாவது பிரித்துப் பார்க்க வேண்டும். மதியம் ஓய்வு நேரத்தில் அந்தப் பாட்டைப் பிரித்துப் பார்த்தேன்.

கரிமூட்டம் போடுவதைப் பற்றிய பாட்டு. கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மண் பூசி, உள்ளே நெருப்பை விடுவார்கள். நாள்கணக்கில் அது உள்ளுக்குள்ளேயே வேக வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் எல்லாம் சாம்பல். அதனால் ஆள் மாற்றி ஆள் காவல் இருந்து வெடிப்பை மண்ணால் அடைப்பார்கள். பாட்டில் அந்தக் காவல், அம்மா.

இதெல்லாம் பொருள். ஓசைக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் இரண்டு அடியில் ண்ண, ந்த, ன்ன, ம்ம என்று எல்லாம் மூக்கொலி. வாயைத் திறக்காமலே முனகிவிடலாம் போலிருக்கிறது. மூன்றாம் அடி வந்ததும் வரிசையாக ஆகாரம்: வாய், தால், சாம், லாம், வாய், யாம். சொல்லும்போது நம் வாய் திறந்துகொண்டே போகிறது. நடுவில் 'மூ' என்று ஒரே ஒரு இடத்தில் உதடு குவிகிறது, அதுவும் 'மூடில்' என்ற சொல்லில். கடைசியில் 'தழற்கு'. றகர ஒற்றில் இடித்து, குற்றியலுகரத்தில் பாதியோடு நின்றுவிடுகிறது. வெடிப்பில் ஒரு கை மண்ணை அப்பியது மாதிரி.

இத்தனை வருடத்தில் எந்த மாணவர் தாளிலும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. என் தாளிலும்தான்.

நான்கு மணிக்கு எழுதியவளே வந்தாள். இருளாயி, இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. முதுகுளத்தூர் போகிற வழியில் ஊர். வகுப்பில் கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் பேசமாட்டாள்.

"மேடம், ஒம்பது பாட்டும் தளை தட்டுதுன்னு ஐயா கிளாஸ்ல சொன்னாக. என்னதுல எங்க தட்டுதுன்னு சொன்னீங்கன்னா திருத்திக்கிருவேன். நாலஞ்சு தடவ விரல் விட்டுப் பாத்துட்டேன். எனக்கு எங்கயும் தட்டல."

"தாள் ஐயாகிட்ட இருக்கு. பார்த்துட்டுச் சொல்றேன்."

தாள் என் கைப்பைக்குள் இருந்தது. ஐயாவிடம் பேசுவதற்கு முன் மாணவியிடம் பேசுவது முறையல்ல. அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

ஜனவரி 27, திங்கள்

பேசிவிட்டேன்.

"ஐயா, இது தட்டல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலில் எண்ணினார். "புகை... ஆமா, நிரைதான். அவசரத்துல பாத்திருப்பேன்." சிரித்தார். மனிதர் பரவாயில்லை என்று ஒரு நொடி நினைத்தேன். அதன் பிறகுதான் பாட்டை முதல் முறையாக முழுவதும் படித்தார்.

"யார் எழுதினது இது?"

"செகண்ட் இயர் இருளாயி."

"எந்த இருளாயி? அந்தக் கரிமூட்டக்காரப் பொண்ணா?"

"ஆமா ஐயா."

தாளை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "மேடம், இது அவ எழுதினது இல்ல."

"ஏன் ஐயா?"

"எதுகை சுத்தம், மோனை சுத்தம், தனிச்சொல் வந்து உக்காந்திருக்கிற அழகைப் பாருங்க. ஒரு தப்பு இல்ல. அந்த வீட்ல இருந்து இது எப்படி வரும்? எங்கயோ இருந்து எடுத்து எழுதியிருக்கா."

ஐந்து நிமிடத்துக்கு முன்பு வரை தப்பாக இருந்ததால் அது அவளுடைய பாட்டு. சரி என்று தெரிந்த நொடியில் அவளுடையது இல்லை. தப்பில்லாமல் இருப்பதுதான் அவள் செய்த தப்பா? இதை இங்கே கேட்கிறேன். அங்கே நான் சொன்னது: "வேணும்னா விசாரிச்சுப் பார்க்கலாம் ஐயா."

ஆத்திரத்தில் பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு நடந்து வந்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

சிலிண்டர் பதிவு செய்தேன். குக்கருக்கு வாங்கிய வளையம் அளவு சேரவில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 30, வியாழன்

சுற்றறிக்கை வந்திருக்கிறது. 'இரண்டாம் ஆண்டு மாணவி செல்வி இருளாயி பிறர் படைப்பைத் தன் பெயரில் அளித்ததாக எழுந்துள்ள ஐயம் குறித்து, துறைப் பேராசிரியை திருமதி மங்கையர்க்கரசி அவர்களின் பரிந்துரைப்படி விசாரணைக் குழு அமைக்கப்படுகிறது.' குழுவில் முதல்வர், ஐயா, நான்.

என் பரிந்துரைப்படி!

தாளைக் கையில் பிடித்துக்கொண்டு துறைக்குள் போனேன். ஐயா வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீங்கதானே மேடம் விசாரிக்கலாம்னீங்க?" என்றார். பழத்தோலைக் குப்பைக்கூடையில் போட்டார். மறுபடி ஒன்று உரித்தார். நான் வெளியே வந்துவிட்டேன். அந்த மனிதர் முகத்தில் அந்தத் தாளை எறிந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 3, திங்கள்

வீட்டில் அவரிடம் சொன்னேன். என் கணவர் கருணாகரன் செல்போன் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிறார். தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஜூன்ல உனக்கு ரினீவல் வருதுல்ல? யார் கையெழுத்துப் போடணும்?"

"எச்சோடி ஐயாதான்."

"அப்ப ஜூன் வரைக்கும் வாயத் தொறக்காத மங்கை. அந்தப் புள்ள சின்னப் புள்ள, வேற எழுதிக்கிரும்."

நான் கௌரவ விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூனிலும் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஜூன் வரை நான் ஆசிரியை. கௌரவம் என்ற சொல்லை அந்தப் பதவிக்கு முன்னால் வைத்த ஆளை ஒரு தடவை நேரில் பார்க்க ஆசை.

பயந்துகொண்டு சும்மா இருக்கிறேன் என்று இவர் நினைக்கிறார். பயமெல்லாம் இல்லை. சரியான நேரம் பார்க்கிறேன், அவ்வளவுதான். பாத்திரம் தேய்க்கும்போது சில்வர் தட்டு ஒன்று கைதவறிச் சுவரில் போய் மோதியது. கைதான் தவறியது.

பிப்ரவரி 5, புதன்

இருளாயியின் அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். பெயர் பஞ்சவர்ணம். என்னைவிட நாலைந்து வயது சிறியவராக இருப்பார், கண்ணோரமெல்லாம் சிவந்து கிடந்தது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தவரைக் காலையிலிருந்து முதல்வர் அறை வாசலில் நிற்க வைத்து, பன்னிரண்டு மணிக்கு மேல் 'இன்னொரு நாள் வாங்க' என்று அனுப்பிவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உக்காருங்கம்மா."

"நீங்கதான் மங்கை டீச்சரா? எம் மக உங்களப் பத்திச் சொல்லுவா. நீங்க பாட்டுச் சொன்னா தாளம் தட்டத் தோணும்பா." உட்காரவில்லை. "டீச்சர், எம் மகளக் களவாணிங்கிறாகளாம்ல?"

"அப்படி யாரும் சொல்லலம்மா. விசாரணைதான்."

"களவு போயிருந்தாத்தான விசாரிப்பாக. யாரு வீட்டுல களவு போச்சு? அந்த ஆளக் கூட்டியாரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறுறேன்." முந்தானையை உதறி இடுப்பில் செருகினார். "மூட்டத்துக்கு நான் காவல் இருக்கயில பக்கத்துல உக்காந்து வெரல மடக்கி மடக்கி எண்ணிக்கிட்டே இருந்தா. என்னத்தா எண்ணுறன்னு கேட்டேன். ஒன்னயத்தான் எண்ணுறேன்னா. அதக் கண்ணால பாத்தவ நானு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாகளா?"

கேட்கவில்லை. கேட்கத்தான் வரச் சொல்லியிருந்தார்கள்.

என் பேருந்து முதலில் வந்தது. ஏறிவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

வழி கண்டுபிடித்துவிட்டேன். யாருக்கும் முகம் கெடாத வழி. குழுவுக்கு முன்னால் ஈற்றடி ஒன்று கொடுத்து, அங்கேயே வெண்பா எழுதச் சொல்லலாம். அவளால் முடியும். எழுதிக் காட்டிவிட்டால் ஐயா வாயை மூடித்தான் ஆக வேண்டும். முதல்வரிடம் சொன்னேன். ஜெயசீலன் சார் இயற்பியல்காரர். "எக்ஸ்பெரிமெண்ட் மாதிரி! குட் ஐடியா மேடம்" என்றார். ஐயாவும் உடனே ஒத்துக்கொண்டார்.

பல நாளுக்குப் பிறகு இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

முதல்வர் அறை. எங்கள் மூன்று பேருக்கும் நாற்காலி, தேநீர். எதிரே அவளுக்கு உட்கார ஒரு முக்காலியும் வெள்ளைத்தாளும் பேனாவும். ஐயா ஈற்றடியைச் சொன்னார்: "கல்வியே கண்ணாம் நமக்கு." சொல்லும்போதே ரசித்துக்கொண்டார்.

இருளாயி பேனாவைத் தொடவில்லை.

"எழுதும்மா. அரை மணி நேரம் இருக்கு" என்றார் முதல்வர்.

"எழுத மாட்டேன் சார்."

"ஏன், தெரியாதா?" ஐயா முன்னால் குனிந்தார்.

"தெரியும். எழுத மாட்டேன்."

"தெரிஞ்சா எழுத வேண்டியதுதானே?"

அவள் எழுந்து நின்றாள். கை தாவணி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது, குரலில் முறுக்கம் இல்லை. "போட்டியில ஒம்பது பேரு எழுதுனோம் சார். மத்த எட்டுப் பேரையும் இப்பிடி உக்கார வச்சு எழுதிக் காட்டச் சொன்னீகளா?"

முதல்வர் ஐயாவைப் பார்த்தார்.

"அவுகளுது தப்பா இருந்துச்சு. அதனால அவுகதான் எழுதுனாகன்னு நம்பிட்டீக. என்னது சரியா இருக்கு. அதனால நான் எழுதலங்கிறீக. இப்ப நான் இன்னொண்ணு சரியா எழுதுனா, அதயும் மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன்னு சொல்லுவீக."

என்னைப் பார்த்தாள். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன். வணக்கம் சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

"பாத்தீங்களா சார்? பண்பாடு இல்ல" என்றார் ஐயா. முதல்வர் ஏதோ எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

அவள்மேல்தான் கோபம். அரை மணி நேர வேலை. எழுதிக் கொடுத்திருந்தால் முடிந்தது. எத்தனை யோசித்து ஏற்பாடு செய்தேன், எல்லாவற்றையும் வீம்பினால் கெடுத்துவிட்டாள். வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன்.

"உன் நல்லதுக்குத்தான் அந்த ஏற்பாடு. உனக்குப் புரியலையா?"

"நீங்க சொன்ன ஏற்பாடுன்னு பிரின்சிபால் சார் சொன்னாரு மேடம்." மைதானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கரி எடுக்குற கடையில எங்கப்பாவ மட்டும் மூட்டையப் பிரிச்சுக் கொட்டிக் காட்டச் சொல்லுவாக. கல்லு கலந்திருக்கான்னு பாக்கணுமாம். மத்தவுக மூட்டைய அப்பிடியே தராசுல வைப்பாக. எங்கப்பா ஒண்ணும் பேசாமக் கொட்டிக் காட்டிட்டு, மறுபடி அள்ளிப் போடுவாரு. ஒவ்வொரு தடவையும். நான் கொட்டிக் காட்ட மாட்டேன் மேடம்."

போய்விட்டாள்.

அவளுக்கு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து வைத்தவள் நான். முக்காலியைக்கூட நான்தான் இழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் அலுவலக உதவியாளர் விசாரணைக் குழுவின் முடிவைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். 'மாணவியால் தன் படைப்பென நிறுவ இயலவில்லை. பாடல் நிராகரிக்கப்படுகிறது. மாணவி கண்டிக்கப்படுகிறார்.' இரண்டு கையெழுத்து விழுந்திருந்தது. மூன்றாவதற்கு என் பெயரை அச்சடித்து மேலே புள்ளிக்கோடு போட்டிருந்தார்கள். பேனாவைத் திறந்தேன். மூடினேன். தாளை எடுத்துக்கொண்டு நேராக முதல்வர் அறைக்குப் போனேன். ஐயாவும் அங்கேதான் இருந்தார், நல்லதாகப் போயிற்று.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"மேடம், அந்தப் பொண்ணே நிரூபிக்கல..."

"அவ நிரூபிக்க வேண்டியதில்ல சார். திருட்டுன்னு சொல்றவங்க நிரூபிக்கணும். ஐயா, இது யார் பாட்டு? எந்தப் புத்தகம்? எத்தனையாவது பக்கம்?"

"எங்கயாவது இருக்கும் மேடம். உலகத்துல எவ்வளவோ புத்தகம் இருக்கு."

"தமிழ்ப் பேராசிரியர் நீங்க. எங்கயாவதுன்னா எங்க?"

என் குரல் வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று இருந்தது. முதல்வர் மேசைமேல் பாட்டை வைத்தேன்.

"சார், உங்களுக்கு யாப்புத் தெரிய வேண்டாம். மூணாவது அடியை மட்டும் சத்தமா வாசிங்க."

"எனக்குத் தமிழ் ஸ்கூலோட சரி மேடம்."

"பரவாயில்ல. வாசிங்க."

வாசித்தார். மனிதர் இரண்டாம் முறை கேட்காமலே வாசித்தார். தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வாய் திறந்துக்கிட்டே போகுது..."

"வாயைத் திறக்கிறதைப் பத்திச் சொல்ற அடி சார். மூடுறதைச் சொல்ற இடத்துல உதடு மூடும், பாருங்க. முதல் ரெண்டு அடியில புகைக்குப் பயந்து வாயைப் பொத்திக்கிட்டு முனகற சத்தம். மூட்டத்துப் பக்கத்துல உக்காந்து மூச்சடக்கினவங்களுக்குத்தான் இந்த ஓசை கிடைக்கும். ஐயா வீட்டு மாடியில உக்காந்தாக் கிடைக்காது. என் வீட்டுலயும் கிடைக்காது."

ஐயா முகம் கறுத்துவிட்டது. "ஓசையெல்லாம் தற்செயலா அமையும் மேடம். அதை வச்சு..."

"தற்செயலா அமைஞ்சா மலர்ல நீங்க எழுதுற வாழ்த்து வெண்பாவுல ஏன் ஐயா இத்தனை வருஷமா ஒண்ணுகூட அமையல?"

சொல்லிவிட்டேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

முதல்வர் சமாதானத்துக்கு வந்தார். கண்டனம் இல்லை. பரிசும் இல்லை. பாட்டு ஆண்டு மலரில் அவள் பெயரோடு வரும், வெளியீட்டு விழாவில் அவளே வாசிக்கலாம். "துறைத்தலைவர் ஒரு பார்வை பார்த்துக் கொடுத்துடட்டும்" என்றார். சரி என்றேன். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்காமல் சரி என்றேன். இரவு இதை எழுதும்போதுதான் அது உறுத்துகிறது.

பிப்ரவரி 24, திங்கள்

என்னிடமிருந்து யாப்பை எடுத்துவிட்டார்கள். இனிமேல் கணினித் தமிழ் நடத்த வேண்டும். கணினி அறையில் ஓடுகிற கணினி இரண்டு. ஐயா எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அப்பவே சொன்னவர் இன்றைக்கு இரவு அவரே தோசை ஊற்றிக்கொள்ளட்டும்.

மார்ச் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

கலையரங்கம் நிறைந்திருந்தது. சிறப்பு விருந்தினர் மலரை வெளியிட்டார். எங்களுக்கு ஆளுக்கொரு பிரதி. நான் முதலில் அவள் பக்கத்தைத்தான் புரட்டினேன். முதல் அடி இப்படி அச்சாகியிருந்தது:

கண்ணில் புகையேறக் காத்திருந்தாள் எனதன்னை;

எனதன்னை! 'என்னம்மா' ஐயாவுக்குக் கொச்சையாகப் பட்டிருக்கிறது. அன்னை என்றால்தானே இலக்கியம். 'காத்திருந்தாள்' காய்ச்சீர். காய்க்குப் பின்னால் நேர் வர வேண்டும். 'எனதன்னை' நிரையில் தொடங்குகிறது. அந்த இடத்தில் வெண்பா செத்துப்போய்விட்டது. தளை தட்டுகிறது என்று பொய்யாகப் பழி சொன்ன மனிதர், கடைசியில் தன் கையாலேயே தளையைத் தட்டவைத்து, அதன் கீழே அவள் பெயரைப் போட்டிருக்கிறார். நாளைக்கு எவனாவது எடுத்துப் பார்த்தால், கரிமூட்டக்காரப் பெண்ணுக்கு இவ்வளவுதான் வரும் என்பான்.

எழுந்துபோய் அவளிடம் சொல்லலாம் என்று பார்த்தால், அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மலரைக் கையில் வாங்கிக்கொண்டு மேடையேறினாள். ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். வாசிக்கத் தொடங்கினாள்.

"கண்ணில் புகையேறக் காத்திருந்தாள்..."

நின்றுவிட்டாள். அச்சை ஒருமுறை பார்த்தாள். ஐயா மேடையில் விருந்தினருக்குப் பக்கத்தில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். திணறுகிறாள் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"இங்க 'எனதன்னை'ன்னு அச்சடிச்சிருக்காக" என்றாள் இருளாயி. "நான் எழுதுனது 'என்னம்மா'. காத்திருந்தாள், கூவிளங்காய். காய்க்குப் பின்னாடி நேர் வரணும். எனதன்னை நிரை. அப்ப இது வெண்பா இல்ல." ஒவ்வொரு அசைக்கும் ஒரு விரலை மடக்கிக் காட்டினாள், வகுப்பில் நான் காட்டுவதுபோல. "இந்தச் சீரு யாருதுன்னு எனக்குத் தெரியாது. என்னது இல்ல. யாருதோ, அவுக எடுத்துக்கிறட்டும். எங்கம்மாவ நான் அன்னைன்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல."

பிறகு மலரை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுப் பாட்டையும் மனத்திலிருந்து சொன்னாள். நிதானமாக. அவசரப்படாமல்.

கை தட்டத் தொடங்கியது வேதியியல் பிள்ளைகள். வெண்பாவின் தலையும் தெரியாது வாலும் தெரியாது அவர்களுக்கு. அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். சிறப்பு விருந்தினர் ஐயா பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். ஐயா கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். கடைசி வரிசையில் ஓரமாக பஞ்சவர்ணம் நின்றுகொண்டிருந்தார். கைதட்டவில்லை. மேடையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், யாராவது கிட்டே வரட்டும் என்பதுபோல.

மார்ச் 13, வியாழன்

காலையில் அவளைத் தேடிக்கொண்டு போனேன். நூலகத்தில் தனியாக இருந்தாள். நேற்று பிரமாதம் என்று சொன்னேன். மேடையில் பயமாக இல்லையா என்று கேட்டேன். ஓசையைப் பற்றி நான் முதல்வரிடம் பேசியதையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் இடையில் நிறுத்தினாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"எங்க தட்டுதுன்னு கேக்க வந்தேன்ல, அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்ல? தட்டலன்னு."

"தெரியும்."

"அப்பறம் ஏன் மேடம், பாத்துட்டுச் சொல்றேன்னீங்க?"

ஐயாவிடம் முதலில் பேச வேண்டியிருந்தது, முறை என்று ஒன்று இருக்கிறது, ஜூன், வீடு... எல்லாம் நாக்கு வரைக்கும் வந்தது.

"அன்னைக்கே சரியா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எங்கம்மா இங்க வந்து வாசல்ல நின்னுருக்காது" என்றாள். சத்தம் போடவில்லை. ஐயாவிடம் பேசிய அதே குரலில்தான் என்னிடமும் பேசினாள். புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினாள். நான் வந்துவிட்டேன்.

இத்தனை நாளும் நான் எழுதி வைத்திருப்பதை மதியம் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் கோபம். ஐயாமேல், வீட்டுக்காரர்மேல், அவள்மேல்கூட. வர வேண்டிய ஒருத்திமேல் மட்டும் வரவில்லை.

மூன்று மணிக்கு மெமோ வந்தது. 'விழா மேடையில் துறையை இழிவுபடுத்தும் வகையில் பேசுமாறு மாணவியைத் தாங்கள் தூண்டினீர்களா? எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும். தங்கள் பணி நீட்டிப்பு இதைப் பொறுத்து முடிவு செய்யப்படும்.' கீழே ஐயாவின் கையெழுத்து, அழுத்தி.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் காட்டினேன். வழக்கம்போல ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். இரண்டு முறை படித்தார். தொலைக்காட்சியை அணைத்தார்.

"இல்லைன்னு எழுதிக் குடுத்துரு. உண்மையும் அதுதானே?"

"உண்மை அதுதான்" என்றேன்.

பதிலை எழுதிவிட்டேன். நாளை காலையில் முதல் வேலையாகக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். இரண்டே வாக்கியம்:

'மாணவியை நான் தூண்டவில்லை. தூண்டியிருக்க வேண்டும்.'